எண் கேட்காத தாள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அந்தக் கேள்வித்தாள்களைப் பார்த்த அன்று மட்டும் யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. ஷிஃப்டு வேலை மனச்சோர்வைக் கூட்டுகிறதா என்று திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கட்டுக் கட்டாக வந்த தாள்களில் தொழிலாளர்கள் அத்தனை பேரும் ‘மிகவும் திருப்தி’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். தூக்கம் எப்படி? மிகவும் திருப்தி. சூப்பர்வைசர் பேசும் விதம்? மிகவும் திருப்தி. வில்லியனூரில் பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் இப்படியொரு சொர்க்கம் இருப்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

“டேட்டா கைக்கு வந்துடுச்சு இல்லம்மா? எழுதிக் குடுத்துடு. இன்னொரு வருஷம் இழுத்தா உனக்குத்தான் கஷ்டம்.”

அவர் சொன்னது நிஜம்தான். பாகூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் தற்காலிக விரிவுரையாளர். பிஎச்.டி. முடித்தால்தான் நிரந்தர வேலையை நினைத்தே பார்க்கலாம்.

என் வகுப்பில் ஒரு பெண் அதே தொழிற்சாலையில் இரண்டாம் ஷிஃப்டு பார்க்கிறவள். காலையில் வகுப்பு, மதியம் கம்பெனி பஸ். அவளிடம் ஒரு தாளைக் காட்டி, ஏன் இப்படி என்று கேட்டேன். அவள் தாளின் மேல் மூலையில் விரலை வைத்தாள்.

“இன்னா மேடம், எம்ப்ளாயி நம்பர எழுதச் சொல்லிட்டு சூப்பர்வைசர் எப்டின்னு கேட்டா யாரு உண்மைய எழுதுவாங்க? நானும்தான் அப்டியே அடிச்சிக் குடுத்தேன்.”

அந்த எண்ணைக் கேட்டது நான்தான். ஆறு மாதம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேட்க வசதியாக இருக்கும் என்று நினைத்தேன். ரகசியம் காக்கப்படும் என்று கீழே பொடி எழுத்தில் வேறு போட்டிருந்தேன். தொழிலாளர் மனசைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள் செய்கிற காரியமா இது? வெட்கமாக இருந்தது. கட்டுகளைப் பரணில் ஏற்றினேன். வருஷம் போனால் போகட்டும், பொய்யை வைத்துப் பட்டம் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன்.

எண் கேட்காவிட்டால் உண்மை வருமா? அதை முதலில் என் வகுப்பிலேயே பார்த்துவிட நினைத்தேன். ஆசிரியரைப் பற்றி மாணவர்கள் நிரப்பும் கல்லூரிப் படிவத்திலும் பதிவெண் உண்டு. அதில் எனக்கு எப்போதும் முழு மதிப்பெண்தான். அந்தப் பெருமையும் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, பெயரும் எண்ணும் வேண்டாம், என் வகுப்பைப் பற்றி எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஒரு தாளில் இப்படி இருந்தது:

“மேடம், நீங்க இங்கிலீஷ்ல நடத்துறது புரியல. புரியலன்னு சொன்னா திரும்பவும் மொதல்லேர்ந்து நடத்துவீங்க. அரியாங்குப்பத்துலேர்ந்து வண்டி ஓட்டிக்கினு வந்து நீங்களே டயர்டா இருக்கீங்க. பாக்க பாவமா இருக்கும். அதான் தலையாட்டிடுவோம்.”

படித்துவிட்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு, எண் கேட்காத புதுக் கேள்வித்தாளை அன்றைக்கே அச்சுக்குக் கொடுத்தேன்.

மறுநாள் பாடத்தைத் தமிழில் தொடங்கினேன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“இப்பவும் புரியல மேடம்.”

இத்தனை வருஷத்தில் என் வகுப்பில் ஒருவர் வாய்விட்டு அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. பலகையைத் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.