மேற்குச் சுவரில் ஜாலி

குணசீலன் இறந்துவிட்டார் என்று அவர் மனைவி சாந்தி காலையில் தொலைபேசியில் சொன்னபோது, என் வாயிலிருந்து முதலில் வந்த சொல் "நல்லவேளை". சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. சாவுச் செய்தி சொல்பவரிடம் பேசும் பேச்சா அது? மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் சாந்தியே சொன்னார். "ஆமா மேடம், நல்லவேளதான். நீங்க வந்துட்டுப் போன அப்பறம்தான் மனுசன் நிம்மதியாத் தூங்கினாரு."

அது என்ன நல்லவேளை என்று, அவரை அறிந்த உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் நிறுவனம் புதிய அலுவலக வளாகம் கட்டத் தீர்மானித்தபோது, அதை வடிவமைக்க வந்த ஆர்க்கிடெக்ட் அவர். நான் நிர்வாக அதிகாரி. எந்தக் காகிதமும் என் மேசையைத் தாண்டித்தான் முதலாளியிடம் போகும். புரியாத சொல்லுக்குக் கீழே கோடு போடாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது என்று கான்வென்டில் என்னைப் பழக்கியிருந்தார்கள். குணசீலன் அனுப்பிய மதிப்பீட்டில் 'ஜாலி ஒர்க், மேற்குப் பக்கம் முழுவதும்' என்று ஒரு வரி இருந்தது. கோடு போட்டு ஓரத்தில் எழுதினேன்: "இது அலுவலகம். இங்கே ஜாலிக்கு என்ன அவசியம்?"

மறுநாள் அவர் நேரில் வந்தார். பூப்போலத் துளைகள் விட்ட சுட்ட மண் கட்டி ஒன்றை என் மேசை மேல் வைத்தார்.

"மேடம், 'இதாம்மே ஜாலி'ன்னு மேஸ்திரிங்க சொல்வாங்க. நான் உங்ககிட்ட மரியாதையா சொல்றேன், இதுதான் மேடம் ஜாலி. செவுத்துக்கு முன்னாடி இன்னொரு செவுரா இத அடுக்கினா வெயிலு இதோட நின்னுகினு பூடும். காத்து மட்டும் உள்ள வரும். வேற எதனா சந்தேகம் கீதா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கீதா அக்கவுண்ட்ஸ்ல இருக்கா. கூப்பிடட்டுமா?" என்றேன். "'இருக்கா'ன்னு கேளுங்க."

மேனாம்பேட்டில் பல தலைமுறையாக நிலம் வைத்திருந்த குடும்பம் அவருடையது. பெரிய கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியும், கோட்டுப் போட்டவர்கள் உட்கார்ந்த கூட்டங்களிலும், அவர் தம் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. நான் திருத்துவதை விடவில்லை. அவர் பணிவாகத் தலையாட்டிவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே மறுபடியும் 'கீது' என்பார்.

அந்த மதிப்பீட்டுக்கும் முன்பே, வரைபடத்தில் கை வைக்குமுன், நாங்கள் அப்போது இருந்த வாடகைக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார். நல்ல கத்திரி வெயில் காலம். ஏ.சி. காற்று நேரே தலையில் இறங்கும் வரிசையில் பெண்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிச் சுவரோரம் இருந்த ஆண்கள் அட்டைப்பெட்டியைக் கிழித்து வெயிலுக்கு மறைப்புக் கட்டி, அட்டை தந்த இருட்டுக்கு விளக்குப் போட்டிருந்தார்கள். குணசீலன் ஒவ்வொருவர் மேசையிலும் நின்று, "இங்க குளிருதா, சுடுதா?" என்று விசாரித்தார். பிறகு என்னிடம் வந்து சொன்னார்: "ஒரே ஹாலுக்குள்ள ஊட்டியும் கீது, வேலூரும் கீது மேடம். ரெண்டுத்துக்கும் நீங்கதான் கரண்ட் பில் கட்றீங்க." அவர் வடிவமைப்பு முழுவதும் அந்த ஒரு பேச்சிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். கட்டடத்தை ஒல்லியாக, கிழக்கு மேற்காக நீட்டினார். பகல் வெளிச்சம் எல்லா மேசைக்கும் எட்டியது. படிக்கட்டையும் கழிப்பறைகளையும் மேற்குப் பக்கம் தள்ளினார். "வெயிலு வாங்கறதுக்கு ஆளு வேணும்ல? படிக்கட்டு வாங்கட்டும். அதுக்கு வேர்க்காது" என்றார்.

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் போய்வந்தவர், "அங்கெல்லாம் எப்படிப் பளபளன்னு கண்ணாடியில கட்டியிருக்கான்! நம்மளது ரேஷன் கடை மாதிரியா இருக்கணும்?" என்று பொரிந்தார். குணசீலன் வாதம் செய்யவில்லை. வெயிலில் நின்றிருந்த முதலாளியின் காரருகே அவரை அழைத்துப் போனார். "சார், இதுவும் சுத்தி கண்ணாடிதான். ஏ.சி. போடாம உள்ள குந்திகினு ஒரு டீ சாப்புடுங்க. டீ நான் வாங்கியாறேன்." முதலாளி கதவைத் திறந்தார். முகத்தில் அடித்த அனலில் உடனே மூடினார். "சரிய்யா, உன் ஜாலியையே போடு."

கட்டி முடிந்து குடியேறிய ஆண்டில் என் கணவர் காலமானார். நான் வேலைக்குத் திரும்பிய அன்று ஆளாளுக்கு வந்து ஆறுதல் சொன்னார்கள். குணசீலனும் வந்தார். இரண்டு பேரை அழைத்து என் மேசையைக் காற்று வரும் பக்கமாக நகர்த்திப் போட்டுவிட்டுப் போனார். அந்தக் கோடையில், சாயங்கால வெயில் மேற்கே உக்கிரமாக இருந்த நேரத்தில், உட்புறச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சுடவில்லை. தள்ளி நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், பரீட்சையில் தேறிய பையனைப் போலச் சிரித்தார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு வளாகம் கைமாறியது. சென்ற மாதம் சாந்தி அழைத்தார். குணசீலன் படுத்த படுக்கையாகிவிட்டார். மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் ஜாலியை இடித்துவிட்டுக் கண்ணாடி போடப் போகிறார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள்.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்லன்னு நாங்க சொன்னா நம்ப மாட்டேன்றாரு மேடம். 'நீங்கள்லாம் எனக்கோசரம் பொய் சொல்றீங்க. மேடம் பாத்துட்டு வந்து சொல்லட்டும், அவங்களுக்குப் பொய் வராது'ன்னு ஒரே பிடிவாதம்."

நான் குடியிருக்கும் ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு ஆட்டோவில் போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. கண்ணாடி போட்டிருந்தால் என்ன சொல்வது? சாகக்கிடப்பவரின் நிம்மதிக்காகக்கூட எனக்குப் பொய் வராது என்பதை அவர் சரியாகவே கணித்திருந்தார். அதற்காகத்தானே என்னை அனுப்பினார்.

வாசலில் இறங்கி நிமிர்ந்தேன். மேற்குப் பக்கம் முழுக்கச் சாரம் கட்டிப் பச்சைத் துணி போட்டு மூடியிருந்தது. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். காவலாளி ஓடிவந்து நாற்காலி போட்டார். கட்டடப் பராமரிப்பு மேலாளர் பாஸ்கர் என்ற இளைஞர் தண்ணீரோடு வந்தார்.

"இடிக்கிறீர்களா?" என்றேன்.

"அய்யய்யோ, இல்ல மேடம். போன மழையில சில கல்லு உடைஞ்சிடுச்சு. அதே மாதிரி செய்யச் சொல்லி, மாத்திக்கிட்டிருக்கோம்."

"கண்ணாடி போடுவதாகச் சொன்னார்களே?"

"ஒரு கம்பெனிக்காரங்க வந்து விலை சொன்னாங்க. எங்க சேர்மன் கரண்ட் பில்லப் பார்த்தாரு. 'இந்தச் சுவத்த எவனும் தொடக் கூடாது'ன்னுட்டாரு."

உள்ளே அழைத்துப் போனார். முதல் வேலையாக உட்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இரண்டு சுவர்களுக்கும் நடுவிலுள்ள நடைபாதையில் பெண்கள் சிலர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். யார் தோளிலும் ஸ்வெட்டர் இல்லை. ஒரு பெண் கைபேசியில், "ஏய், நான் ஜாலில இருக்கேன், நீ எங்கடி?" என்று யாரையோ கூப்பிட்டாள். "இங்க வந்தா ஜாலியா இருக்கும், அதான் மேடம் அந்தப் பேரு" என்று பாஸ்கர் எனக்கு விளக்கினார். ஒரு தவறான விளக்கத்தைத் திருத்தாமல் விட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறையாக இருக்கும்.

நேரே மேனாம்பேட்டுக்குப் போனேன். குணசீலன் ஆள் பாதியாகியிருந்தார். சாந்தி தலையணையை உயர்த்தினார். என்னைக் கண்டதும் குணசீலன் வணக்கம் சொல்லவில்லை, உட்காரச் சொல்லவில்லை.

"மேடம். ஜாலி கீதா?"

திருத்துவதற்கான வாக்கியம் பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினேன்.

"கீது, குணசீலன்" என்றேன். "ஜாலி கீது. உள்சுவத்துல கை வெச்சுப் பார்த்தேன். சுடல."

அவர் முதலில் கண்ணை மூடினார். பிறகு அந்தக் குச்சி உடம்பு குலுங்கிற்று. நான் பதறிவிட்டேன். சிரிக்கிறார்!

"சாந்தி, கேட்டுகினியா? மேடம் 'கீது'ன்றாங்க! மேடம், உங்க இஸ்கூல் சிஸ்டருங்க காதுல வுழுந்தா இன்னா ஆவறது?"

"முட்டிபோட வைப்பார்கள்" என்றேன்.

இதுதான் அந்த நல்லவேளை. சாரத்தைப் பார்த்த இடத்திலேயே நான் திரும்பிப் போயிருக்கலாம். கட்டடத்தை வாங்கியவர் வேறு மாதிரி ஆளாக இருந்திருக்கலாம். நான் ஒரு வாரம் தாமதித்திருக்கலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவருக்குக் கொண்டுபோக என்னிடம் இருந்தது உண்மை. அது நல்ல உண்மையாகவும் இருந்தது. அதனால் இந்த அஞ்சலியை என்னால் அழாமல் எழுத முடிகிறது.

அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது ஒரு சொல். இந்த வயதில் புதுச் சொல்லைக் கவனமாகத்தான் புழங்க வேண்டும், கண்ட இடத்தில் இறைக்க மாட்டேன். ஆனால் உங்களில் யாராவது அம்பத்தூர்ப் பக்கம் போனால், வெயில் மேற்கே சாய்ந்த நேரத்தில் அந்தச் சுவரின் உட்புறத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில், "ஜாலி கீதா?" என்றுதான் கேட்பேன்.