மஞ்சள் வைத்த கையுறை

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு நீல ரப்பர்க் கையுறை கிடக்கிறது. இடது கைக்கானது. மணிக்கட்டுப் பக்கம் மஞ்சள் வைத்த தடம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் பழைய முதலாளியின் முகம் ஞாபகத்துக்கு வந்து வயிறு எரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் முசரவாக்கம் போகும் வழியில் அவருக்குச் சம்பங்கித் தோட்டம் இருந்தது. பூவை நீளக் காம்போடு வெட்டி, பெட்டியில் அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவார். வாசலில் பெரிய பலகை: 'மண்ணுக்கும் மனிதருக்கும் தீங்கில்லாத மலர்கள்.' நான் அங்கே சூப்பர்வைசர். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் எதிர்வீட்டு அக்காவை அங்கே சேர்த்துவிட்ட புண்ணியவதியும் நான்தான். தறியில் தீர்ந்துபோன நெடுக்கு நூல் பாவின் முனைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரல் நுனியால் முறுக்கிப் பிணைப்பது அக்காவின் தொழில். தெருவில் எந்த வீட்டுத் தறிக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வேலை தினமும் கிடைக்காது என்பதால் பூ வெட்டவும் வந்தார். பூச்சிமருந்தடித்த ஈரம் காய்வதற்குள் வெட்டச் சொல்வார் முதலாளி. மூன்றே மாதத்தில் அக்காவின் விரல் நுனிகள் வெடித்துப்போயின. பட்டிழை அந்த வெடிப்பில் சிக்கிச் சிக்கி அறுந்தது. "ஒரு ஜதை கையுறை குடுத்தா இன்னாவாம்மா? இந்த வெரலுதான் எனக்குச் சோறு போடுது. கேட்டுச் சொல்லேன்" என்றார். கேட்டேன். "பூவ வெட்டறதுக்கு எதுக்குமா கையுறை? பூ இன்னா கடிக்குதா?" என்று சிரித்தார் அந்த மகானுபாவர்.

விஷம் என்று தெரியாதவரா அவர்? கிணற்றடியில் ஒரு பாத்தியில் மட்டும் மருந்து படவே கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். அந்தப் பூ பெருமாளுக்கும் அவர் சம்சாரத்தின் கொண்டைக்கும் போகும். "சாமிக்குப் போறதாச்சேமா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். வெட்டுகிற பெண்களின் கை எக்கேடு கெட்டாலும் சாமி கண்டுகொள்ளாது என்று அவருக்கு எண்ணம். தூ!

பூ வாங்கும் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி, வேலையாட்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று தோட்டத்தைப் பார்வையிட வந்தார். அன்று காலையில்தான் முதலாளி ஒரு பெட்டி புதுக் கையுறைகளை இறக்கினார். சாயங்காலம் எல்லாவற்றையும் திருப்பி வாங்கிப் பெட்டியில் போட வேண்டியது என் பொறுப்பு. எங்கள் பெண்களோ, புதுத்துணிக்கு வைப்பதுபோல் ஒவ்வொரு கையுறைக்கும் மஞ்சள் வைத்த பிறகே மாட்டிக்கொண்டார்கள். அக்காதான் மஞ்சளைக் குழைத்துக் கொடுத்தார். கை ஆறினால் போதும் என்று வேண்டிக்கொண்டாராம்.

அதிகாரி அக்காவின் கையைத் தூக்கிப் பார்த்தார். "எல்லாத்துலயும் ஒரே இடத்துல மஞ்சளா இருக்கே, என்ன இது?" என்று கேட்டார். புதுசுக்கு வைத்த மஞ்சள் என்று ஒரு வார்த்தை சொன்னால் குட்டு உடைந்துவிடும். நாளையிலிருந்து அக்கா கையில் நிஜமாகவே கையுறை இருக்கும். முதலாளி கொஞ்சமும் கூசவில்லை. "மருந்துக் கறை சார். டெய்லி போடறாங்க இல்ல? கையுறை இல்லன்னா இதெல்லாம் இவங்க தோல்லதான் இருந்திருக்கும்" என்றார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். அக்காவும் என்னையே பார்த்தார்.

"ஆமா சார்" என்றேன்.

சாயங்காலம் அக்கா தன் கையுறைகளைக் கழற்றி என்னிடம் நீட்டிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. பிணைக்கும் வேலைக்கும் அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் கொடுத்ததில் ஒன்றைப் பெட்டியில் போடாமல் ஒளித்துக்கொண்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

தோட்டத்தை இப்போது முதலாளியின் மகன் பார்க்கிறார். போன மாதம் எங்கள் தெருக் கல்யாணம் ஒன்றில் அவர்கள் தோட்டத்துப் பூங்கொத்தை மணமேடையில் வைத்திருந்தார்கள். பச்சை இலைப் படம் போட்ட சீட்டில் அதே பழைய வாசகம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "இதுக்கும் நீதான் ஆமான்னியாம்மா?" என்றார்.

சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தேன். கையுறையை எடுத்து வைத்துக்கொண்டு, தூ என்று யாரைச் சொல்வதென்று தெரியாமல் பீரோக் கண்ணாடி முன்னால் நின்றேன்.