நானும் போடல

நிர்மலா மேடம் போய்விட்டார். காலையில் அவர் தங்கை போன் செய்து சொன்னார்... தூக்கத்திலேயே.

உங்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. கள்ளக்குறிச்சி பக்கம் புகையிலைப் பழக்கம், வாய்ப் புற்றுநோய் பற்றி ஊர் ஊராகச் சர்வே எடுத்த டீமுக்கு அவர்தான் தலைவர்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். தியாகதுருகம் ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தோம். எல்லார் கன்னத்திலும் புகையிலை அடக்கியிருந்தது.

கல்வராயன் மலையில் சர்வே முடித்து இறங்கிய மேடத்தின் ஜீப் வந்து நின்றது.

"வண்டி வுடமாட்டோம் மேடம்."

"விட வேணாம். இத்தனை ஆம்பளைங்க வேலைவெட்டி இல்லாம ஒரே இடத்துல எனக்கு எப்ப கிடைப்பீங்க?"

டார்ச்சோடு இறங்கிவிட்டார்!

என் நண்பன் ஏழுமலைக்குக் குசும்பு ஜாஸ்தி. "நீங்க இன்னா ஆளுங்க மேடம்?" என்றான்.

"வாயைத் திற, சொல்றேன்."

திறந்தான். அவர் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவனால் மறுபடி கேட்கவே முடியவில்லை. கடைசிவரை அவர் சொல்லவும் இல்லை.

என் கன்னத்துக்குள் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. "இப்ப விட்டா தப்பிச்சிடலாம்" என்றார். பிறகு, அதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"யார்கூட உட்கார்ந்து போடுவ?"

ஏழுமலையைக் காட்டினேன்.

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து விடுங்க. தனியா விட்டவங்கதான் திரும்பவும் போடுறாங்க."

சர்வேயில் அவர் கண்டுகொண்டது அதைத்தான். எத்தனையோ ஊரில் இப்படி ஜோடி சேர்த்து விடவைத்தார்.

நாங்களும் விட்டோம். சாயங்காலம் ஆனால் ஏழுமலை என் வூட்டு வாசலில் வந்து நிற்பான். "போட்டியாடா?" "இல்லடா." "நானும் போடலடா."

பல வருஷம் கழித்து அவன் மாரடைப்பில் போனபோது எனக்கு வீட்டிலும் யாரும் இல்லை. மனைவி முன்னாலேயே போய்விட்டாள். அவன் காரியம் முடிந்த அன்று நேராகப் பெட்டிக்கடைக்குப் போய் நின்றேன்...

சட்டைப்பையில் போன் அடித்தது. யார் சொன்னார்களோ, மேடம்.

"போட்டியா?"

"இல்லீங்க மேடம்."

"நானும் போடல."

ஜென்மத்தில் புகையிலையைத் தொட்டதில்லை அந்த மனுஷி! சிரித்துவிட்டேன். கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன்.

அதற்குப் பிறகு, அவர் ரிட்டையர் ஆன பிறகும்கூட, தினமும் வந்த சாயங்காலப் போன் நிற்கவில்லை.

இப்போது மணி ஆறரை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பெட்டிக்கடை திறந்துதான் இருக்கிறது... எனக்குத்தான் ரொம்பத் தனியாக இருக்கிறது.

போய்ட்டு வாங்க மேடம்.

இன்னிக்கும் போடலீங்க.