சமக்குறி போட்ட பொத்தான்

சோற்றுக்கும் உதவாத ஒற்றைப் பொத்தானுக்காக ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போவார்? இது நடப்பதற்கு முன் யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

எங்கள் தெருத் தையல்காரருக்குப் பழைய பொத்தான் சேர்ப்பதில் பைத்தியம். சிப்பி, கொம்பு, பித்தளை என்று பிஸ்கட் டப்பாக்களில் பிரித்து வைத்திருந்தார். பொத்தான் நுழைகிற துளைக்குக் காஜா எடுப்பதும் பொத்தான் தைப்பதும் அவர் மனைவி என்பதால் தெருவே அவரைக் காஜா அக்கா என்றுதான் கூப்பிடும். அக்காவுக்கு அந்த டப்பாக்கள் சக்களத்தி மாதிரி. புது மிஷினுக்காக அவர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒருநாள் இரண்டு கண்ணாடிப் பொத்தான்களாகி வீட்டுக்கு வந்தது. அதிலிருந்து எது புதிதாக வந்தாலும், "இது எங்கேர்ந்து?" என்பார்.

"பழைய சாமான் கடையில சும்மா குடுத்தான்."

சும்மா கொடுக்கிற கடைக்காரன் எங்கே இருக்கிறான் என்று அக்காவின் மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு காலை பாட்டு டீச்சர் கோட்டோடு வந்தார். இறந்துபோன அப்பாவின் கோட்டு. போன வாரம்தான் இங்கே கொடுத்துத் தன் அளவுக்குச் சின்னதாக்கி வாங்கிப் போயிருந்தார்.

"அக்கா, இந்த நடுப் பொத்தான் எங்கப்பாவோடது இல்ல."

"நல்லா இருக்கே கதை! பொத்தானை வித்துத்தான் நாங்க மாடி கட்டப்போறோமா?"

"கோவப்படாதீங்க. மத்தது தொட்டா சில்லுனு இருக்கு. இது பிளாஸ்டிக்."

வெடுக்கென்று கோட்டை வாங்கிய அக்கா பொத்தான்களின் நூலைப் பார்த்தார். நாலு துளையிலும் நூலைக் குறுக்கே விட்டுப் பெருக்கல் குறி போடுவது அக்காவின் கை. தையல்காரருக்கு அந்தப் பொறுமை கிடையாது. இரண்டே கோடு, சமக்குறி. நடுப் பொத்தானில் இருந்தது சமக்குறி.

"சாயங்காலம் வாங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

தையல்காரர் லைனிங் துணி வாங்கப் போயிருந்தார். அக்கா சிப்பி டப்பாவைத் திறந்தார். கோட்டில் இருந்த மற்றவற்றோடு வைத்துப் பார்த்ததும் ஜோடி தெரிந்துவிட்டது. உள்ளங்கையில் திருப்பத் திருப்ப நீலமும் ரோஸும் மாறி மாறி ஓடின. ஒரு நொடி அக்காவுக்கே கையை மூடிக்கொள்ளத் தோன்றியது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

தையல்காரர் படியேறினார்.

"ஏங்க, இது யாரு குடுத்தா?"

"அதான் சொன்னேனே, கடையில சும்மா..."

"நான் போடுறது பெருக்கல். நீங்க போடுறது சமம். கோட்டுல உங்க கணக்குதான் நிக்குது."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணே ஒண்ணுதாம்மா. டீச்சர் கவனிக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

"ஒண்ணே ஒண்ணா?" டப்பாக்களை வெட்டுமேசையில் கவிழ்த்தார் அக்கா. "இதுல எது எந்தச் சட்டையோடது?"

"ஞாபகமில்ல."

அக்கா நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை. டீச்சர் கோட்டில் பொத்தான் பெருக்கல் குறியோடு திரும்ப ஏறியது. ஊசிப்பெட்டி அக்காவின் இடுப்புக்குப் போனது. கடையின் பேர் போனால் சோறு போச்சு, அவரவர் பொத்தானை அவரவர் எடுத்துப் போகட்டும் என்று மற்றதையெல்லாம் வெட்டுமேசையிலேயே தெருப்பக்கம் பார்க்கப் பரப்பி வைத்திருக்கிறார்.

அதனால் அங்கே துணி கொடுத்தவர்கள் சட்டையை ஒருமுறை பாருங்கள். ஒரு பொத்தான் மட்டும் சமக்குறியாக இருந்தால், உங்களுடையது அந்த மேசையில் கிடக்கிறது. உங்கள் மாமா, சித்தப்பா, எதிர்வீட்டுக்காரர் என்று அங்கே தைத்த எல்லாருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.