புளி போட்டுத் துலக்கிய கைத்துப்பாக்கி

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று குடும்பத்தார் முடிவு செய்தார்கள். பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறேன் என்பதே எனக்குள்ள ஒரே தகுதி. அண்ணன் அவற்றைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "எந்த எடத்துலடா சிரிக்கணும்?" என்று கேட்பார். இந்தக் கட்டுரையில் அவருக்கு அந்தச் சிரமம் இராது.

அண்ணன் பாகூரை அடுத்த சிற்றூரில் பிறந்தார். கூலிக்கு ஏர் ஓட்டிய அப்பா சீக்கிரமே காலமானதால், பள்ளியை விட்டு மரவாடியில் பாரம் தூக்கப் போனார். என்னைப் படிக்க வைத்தார். அதன் விளைவைப் பத்திரிகை வாசகர்கள் அனுபவிக்கிறார்கள். பின்னர், புதுச்சேரியில் இடிபடும் பழைய வீடுகளின் தேக்குக் கதவுகளையும் சட்டங்களையும் வாங்கி விற்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கினார். கடலோரப் பனித்திட்டில் சுனாமியில் கடல் ஏறிய அன்று, வண்டியில் இருந்த மரத்தை வழியிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, அங்கே போய் ஜனங்களை ஏற்றி வந்தார். அந்த மரம் என்னவாயிற்று என்று பிறகு அவர் விசாரிக்கவே இல்லை.

அப்படி இடித்த வீடொன்றின் அலமாரியில்தான் முதல் கைத்துப்பாக்கி கிடைத்தது. விசை இறுகிப்போயிருந்தது; இரும்பெங்கும் பூங்கொடி செதுக்கியிருந்தது. வெற்றிலைகூடப் போடாத மனிதருக்கு அன்று பிடித்தது, பழந்துப்பாக்கி சேர்க்கும் பித்து. ஒவ்வொன்றையும் காவல் நிலையத்தில் காட்டி, சுடாது என்று உறுதியான பிறகே வீட்டுக்குள் கொண்டுவருவார்.

"சுடாத துப்பாக்கி உனக்கு எதுக்குபா?" என்று கேட்டார் ஏட்டு ஒருவர்.

"சுடறதுக்கா சார் இவ்ளோ பூவு செதுக்கிருக்கான்?" என்றார் அண்ணன்.

அவற்றுள் அவர் உயிர் ஒன்றில் இருந்தது. கைப்பிடியில் வெள்ளிக் கம்பி இழைத்த மயில்; தோகையின் ஒவ்வொரு கீற்றும் தனித்தனியே தெரியும். அதன்மேல் காலம் படிய வைத்த கருமையை யாரையும் துடைக்க விடமாட்டார். "இந்தக் கருப்புதாண்டா இதுக்கு வயசு. தேச்சிட்டா போச்சி" என்று வந்தவர் எல்லோரிடமும் சொல்வார். அண்ணியிடம் சொல்ல மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

ஓர் ஆயுத பூஜைக்கு முதல் நாள், குத்துவிளக்கு, அரிவாள், ஸ்பானர் எல்லாவற்றையும் அண்ணி துலக்கினார். ஆயுதம் என்றால் இதுவும் ஆயுதம்தானே? புளியும் சாம்பலும் போட்டு மயிலையும் தேய்த்துவிட்டார்.

"இன்னாங்க, இங்க பாருங்க, எப்பிடி பளபளன்னு!"

தோகையில் பாதி மழுங்கியிருந்தது. நான் ஏதோ வேடிக்கை பேச வாயெடுத்தேன். அண்ணன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"நல்லாருக்குது" என்றார் அண்ணன். பூஜையில் அதையே முன்னால் வைத்தார்.

சில நாள் கழித்து, அந்த மயிலைப் பார்க்கவென்றே சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். கையில் வாங்கியதுமே முகம் சுருங்கியது.

"யார் சார் இந்தக் காரியத்தைப் பண்ணது?"

"நாந்தான். தெரியாம தேச்சிட்டேன்" என்றார் அண்ணன்.

"இத்தனை வருஷமா சேக்கறீங்க, இதுகூடத் தெரியாதா?"

"தெரியல சார்."

காப்பித் தட்டோடு அண்ணி வாசற்படியில் நின்றிருந்தார். அன்றுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. அதன் பிறகு அவர் துப்பாக்கிகள் இருந்த அறைக்குள் போகவில்லை. அண்ணனும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒரே வீட்டில் இருவரும் அந்தக் கதவைச் சுற்றிக்கொண்டே வாழ்ந்தார்கள்.

சிறுநீரகம் பழுதாகி அண்ணன் படுக்கையில் விழுந்த கடைசி வாரம், "அந்த மயிலை எடுத்தா" என்றார். நான் எழுந்தேன். "நீ குந்துடா. அவ எடுத்தாரட்டும்."

அண்ணி உள்ளே போய், முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தார். "நாந்தாங்க இதக் கெடுத்தேன்" என்று அழுதார்.

அண்ணன் மழுங்கிய தோகையை விரலால் தடவினார். "மத்ததெல்லாம் எவன் எவனோ வச்சிருந்தது. இதுலதான் நம்ம வூட்டுக் கை பட்டிருக்குது" என்றார்.

அண்ணனை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற தெருக்காரர்களுக்கும், இரத்தம் கொடுத்த வில்லியனூர் நண்பர்களுக்கும், அவர் பேச்சை அலுக்காமல் கேட்ட அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நினைவு நாள் படையலில், அவருக்குப் பிடித்த வடைக்கும் சுழியத்துக்கும் பக்கத்தில் கைத்துப்பாக்கி ஒன்றைக் காண்பீர்கள். அஞ்ச வேண்டாம், சுடாது. பளபளவென்று இருக்கிறதே என்று யாரும் பதற வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். புளி போட்டுத் துலக்கித்தான் வைப்பேன் என்று அண்ணி சொல்லிவிட்டார்.