ரெண்டு கொதி

கட்டைவிரல் நகத்தைப் பெரணித் தண்டின் உள்பக்கம் வைத்து மேலிருந்து கீழே இழுத்தாள். நகம் ஒரு சின்ன வாய்க்காலில் இறங்கி ஓடியது. இதுதான். கிள்ளிக் கூடையில் போட்டாள்.

பக்கத்துத் தூரில் இருந்ததும் அதே உயரம், அதே பச்சை, அதே நத்தைச் சுருள். ஆனால் தண்டில் வாய்க்கால் இல்லை. புறங்கையில் உரசிப் பார்த்தாள். பூனைக்குட்டியின் காது மாதிரி மயிர். அதை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தாள்.

தின்கிற பெரணிக்கு உடம்பில் மயிர் கிடையாது. வெங்காயச் சருகு போலப் பழுப்பாக ஏதோ ஒட்டியிருக்கும், தேய்த்தால் உதிர்ந்துவிடும். உள்பக்கம் வாய்க்கால் இருக்கும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவள் கை வைக்க மாட்டாள். நல்ல தூராகவே இருந்தாலும் மூன்று குருத்துக்கு மேல் கிள்ள மாட்டாள். மிச்சம் அதுக்கு வேணும்ல என்பாள்.

குளிர் விட்டு, ஆறு இறங்கி, கரை வண்டல் ஈரமாக இருக்கும் பத்து நாள்தான் இதற்குக் காலம். அப்புறம் சுருள் அவிழ்ந்து வெறும் இலையாகிவிடும். முப்பது வருஷமாக அந்தப் பத்து நாளுக்குள் வரும் ஞாயிற்றுக்கிழமையை அவள் விட்டதில்லை. ஒரு குருத்துகூட மாறியதில்லை. வேலை செய்யும் ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்குச் சுருள் அத்தை என்றே பேர் விழுந்துவிட்டது.

அங்கே அவளுக்கு உருளை இயந்திரத்தில் வேலை. ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்து, சுருக்கமில்லாமல் சூட்டுக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் மடிப்புக்காரி வாங்கிக்கொள்வாள். வருஷக்கணக்கில் சூடு தின்று விரல் நுனியெல்லாம் காய்த்துவிட்டது. பட்டும் சாக்கும் அந்த விரல்களுக்கு ஒன்றுதான். அதனால்தான் ஆற்றங்கரையில் நகமும் புறங்கையும்.

கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பேச்சு வருவதற்குள் தம்பி மனைவியை இழந்து, மூன்று வயதுப் பையனை இவளிடம் விட்டுவிட்டு வேலை தேடிப் போனான். போனவன் போனவன்தான். பையன் வளர்ந்து லிப்ட் பழுது பார்ப்பவன் ஆனான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செருப்புக் கடையில் வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டு தனி வீடு போனான்.

அந்தப் பெண் முதல் வருஷம் இவளிடம் ஒட்டவில்லை. வந்தால் நாற்காலி நுனியில் உட்காருவாள். போன வருஷம் இதே பருவத்தில் ஒரு தட்டு சுருள் வதக்கி வைத்தாள் இவள். அந்தப் பெண் சந்தேகமாக ஒன்றை எடுத்துக் கடித்தாள். பிறகு பேச்சே இல்லை. தட்டு காலியானதும் நிமிர்ந்து, "இன்னும் இருக்கா அத்தை?" என்றாள். கணவனின் அத்தைக்கும் மாமியாருக்கும் தமிழில் ஒரே சொல் என்பதை இவள் அன்றைக்குத்தான் யோசித்தாள். யோசித்துவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

இந்த வருஷம் அந்தப் பெண்ணுக்கு ஐந்தாம் மாசம். எதைத் தின்றாலும் வயிறு ஏற்கவில்லை. "அந்தச் சுருள் எப்ப வரும் அத்தை?" என்று பனிக்காலத்திலேயே கேட்டுவிட்டாள்.

ஞாயிறு பறித்ததில் முக்கால் பங்கை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனாள். வீடு பூட்டியிருந்தது. கதவுக் கைப்பிடியில் பையை மாட்டிவிட்டு வந்தாள். மறுநாள் மத்தியானம் உருளை முழு ஓட்டத்தில் இருக்கும்போது போன் அடித்தது.

"அத்தை, வந்து பண்ணித் தர்றீங்களா?"

"ஷிப்டு முடிய ஆறாயிடும் கண்ணு. நீயே பண்ணு, பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. சருகு போகத் தேய்ச்சுக் கழுவு. ரெண்டு கொதி விட்டுத் தண்ணிய வடிச்சுடு. அப்புறம் வெண்ணெயில பூண்டு தட்டிப் போட்டு வதக்கு."

"கேக்கலையே அத்தை, எத்தனை?"

"ரெண்டு! ரெண்டு கொதி! மறந்துடாதே!"

மடிப்புக்காரி அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். "ஏக்கா, ஓட்டல் பூரா கேக்குது. அஞ்சாவது மாடியில எவனாவது எழுந்து தண்ணி கொதிக்க வைக்கப் போறான்."

"வைக்கட்டும். உனக்கு என்ன, நீ மடி."

"மருமக வந்ததும் வந்தா, எனக்குப் பத்துச் சுருளோட சரி. போன வருஷம் ஒரு கூடை."

"வயித்துல பிள்ளை இருக்குடி அவளுக்கு. உனக்கு வெறும் தொந்தி."

அன்று சாயங்காலம் தன் பங்கைச் சமைத்துச் சாப்பிட்டாள். உப்பு, பூண்டு, மேலே எலுமிச்சை. பீன்ஸுக்கும் கீரைக்கும் நடுவே ஒரு ருசி, கடைசியில் மழைக்குப் பிந்தைய மண் மாதிரி லேசாக ஒரு வாசம். இதே நேரம் அங்கேயும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள். நினைக்க நன்றாக இருந்தது.

அங்கே அதே நேரம் இரண்டு பேரும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு நாலைந்து முறையோடு நின்றது. அவளுக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புதன்கிழமை கரு கலைந்தது.

டாக்டர் அம்மா பொறுமையாகவே சொன்னார். குழந்தை வளர்ச்சியில் ஏற்கெனவே கோளாறு இருந்திருக்கிறது, போன ஸ்கேனிலேயே சந்தேகம். "வாந்தி வேற, இது வேற. ரெண்டுக்கும் முடிச்சுப் போடாதீங்க."

இவள் தினமும் வேலை முடிந்து போய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் யாரையும் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். தன் சுருளால் இது ஆகியிருக்கும் என்று இவளுக்குத் தோன்றவே இல்லை. அதே கூடையிலிருந்து தானும் தின்றாள், மடிப்புக்காரியும் தின்றாள், கல் மாதிரி இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை உள்ளே விட்டார்கள். ஜன்னலோரக் கட்டில். அந்தப் பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டையில் கிரீஸ் கறையோடு அவன் பக்கத்தில் நின்றான். இவளைக் கண்டதும் பெண் பேச ஆரம்பித்தாள். யாராவது கேட்டுப் பதில் சொல்வது போல இல்லை, நாலு நாளாகப் பேசிக்கொண்டிருப்பதன் தொடர்ச்சி போல இருந்தது.

"டாக்டர் ஆயிரம் சொல்லட்டும் அத்தை. அடுப்புல வச்சது நான்தானே. இறக்கினது நான்தானே. பொங்கி வந்துச்சு, தணிச்சேன். திரும்பப் பொங்கிச்சு, அணைச்சுட்டேன். ரெண்டு கொதி. கடிச்சப்ப மொறுமொறுன்னு இருந்துச்சு. போன வருஷம் இப்படி இல்லையேன்னு தோணிச்சு. தோணியும் சாப்பிட்டேன்."

இவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

இவள் வாயில் ரெண்டு கொதி என்றால் ரெண்டு தண்ணி. கால் மணி நேரம் தளதளவென்று வேகவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். புதுத் தண்ணீர் ஊற்றி இன்னொரு கால் மணி. முப்பது வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிவந்ததில் சொல் தேய்ந்து இவ்வளவாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ரெண்டு கொதி என்றால் எல்லா அடுப்படியிலும் சொல்கிற ரெண்டு கொதி. இரண்டு தரம் பொங்கினால் இறக்கிவிடுவது. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. குருத்து பச்சையாகவே இருந்திருக்கும்.

"நாலு நாளா இதையே சொல்றா," என்றான் அவன். "தூங்கல. கண்ணை மூடினா அடுப்பு தெரியுதாம். நீயே சொல்லு அத்தை. அவ வேக வச்சது சரிதானே?"

டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லலாம். அது ஏற்கெனவே காற்றில் போய்விட்டது. நான் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. அப்போதும் அடுப்பை அணைத்த கை இந்தப் பெண்ணின் கையாகவே இருக்கும். மொறுமொறுவென்று கடித்த வாய் இந்த வாயாகவே இருக்கும்.

"சரிதான்," என்றாள். "ரெண்டு கொதி போதும்."

"அப்ப எதனால?"

"பறிச்சது மாறிடுச்சு."

அவன் புரியாமல் பார்த்தான்.

"மயிர்ப் பெரணி. கூடையில கலந்துடுச்சு. இந்த விரலுக்கு இப்ப ஒண்ணும் தெரியறதில்ல. கண்ணும் முன்ன மாதிரி இல்ல. அவசரத்துல பார்க்காம கிள்ளிட்டேன்."

"நீயா?" என்றான். சின்ன வயதில் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தவன். "நீ மாத்திப் பறிச்சியா?"

"ஆமா."

"நீயும்தானே சாப்பிட்டிருப்பே?"

"நான் சாப்பிடல. இந்த வருஷம் எல்லாத்தையும் உங்களுக்குத்தான் கொடுத்தேன்."

அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். "அப்ப நான் இன்னும் வேக விட்டிருந்தா?"

"நாள் பூரா வேக விட்டிருந்தாலும் போகாது கண்ணு. அது விஷம். உன் கையில ஒண்ணும் இல்ல."

அந்தப் பெண் இவளையே பார்த்தாள். கட்டிக்கொண்டிருந்த முழங்காலை மெதுவாக விட்டாள். தோள் இறங்கியது. பிறகு கணவன் பக்கம் திரும்பி, "அவங்களைப் போகச் சொல்லுங்க," என்றாள்.

அவங்களை. இவளுக்கு அது முதலில் வேறு யாரையோ சொல்வது போலத்தான் கேட்டது.

அவன் வராந்தா வரைக்கும் கூட வந்தான். நாலு நாளாக எங்கே போடுவது என்று தெரியாமல் சுமந்த கோபத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. "கண்ணு தெரியலைன்னா வீட்டுல கெடக்கணும். புல்லும் பூண்டும் பொறுக்கிட்டு வந்து பிள்ளைத்தாச்சிக்குக் கொடுக்கணுமா? யார் கேட்டா உன்னை?"

கேட்டது யார் என்று இவள் சொல்லவில்லை.

"இனி எதையும் எங்க வீட்டுக்குக் கொண்டு வராதே," என்றான். இரண்டு அடி போய்த் திரும்பினான். "நீயும் வராதே அத்தை. கொஞ்ச காலத்துக்கு."

கொஞ்ச காலத்துக்கு என்பதை அவன் சேர்த்தது இவளுக்காக. இவளுக்கு அது தெரிந்தது. கதவு இடுக்கில் பார்த்தபோது அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் போலிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. அவளுக்கு முதல் ஷிப்டு. ஆறு மணிக்கு உருளையைச் சூடேற்றினாள். மூன்று மாடி விரிப்புகள் வந்திருந்தன. மருமகள் எப்படி இருக்கிறாள் என்று மடிப்புக்காரி கேட்டாள். தூங்குகிறாள் என்றாள். பத்து மணிக்கு உருளையின் பெல்ட் அறுந்து, மாற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை எல்லோரும் துண்டு மடித்தார்கள். மத்தியானம் ரொட்டியும் டீயும். மூன்று மணிக்கு மழை பிடித்தது. நாலு மணிக்கு வேலை முடிந்து, குடை இல்லாததால் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.