கண்ணைத் திறந்து கும்பிட்டது

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். வல்லத்திராக்கோட்டையில் தனி வீட்டில், யார் தயவும் இல்லாமல் உலை வைத்துச் சாப்பிடுகிறவள். கையெழுத்துக்கு மேல் எழுத வராது. நான் சொல்லச் சொல்ல, மூத்தவன் மகள் எழுதுகிறாள்.

சர்க்கரை வியாதி என் பாதங்களின் உணர்ச்சியைக் கொண்டுபோய்விட்டது. செருப்பு கழன்று ரோட்டில் கிடக்கும், எனக்குத் தெரியாது. போன ஆடி வெள்ளியன்று மாரியம்மன் கோவிலில் சூடம் காட்டும்போது, எப்போதும்போல் கண்ணை மூடி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். உடம்பு ஆடியது. "ஆத்தாளுக்குச் சாமி வந்துருச்சு, வெலகுங்க!" என்று கூட்டமே ஒதுங்கிவிட்டது. பிடிக்க ஓர் ஆளில்லை. விழுந்து கிடந்தவள் நெற்றியில் திருநீற்றை அப்பி, "மழ எப்ப வரும், சொல்லு தாயே" என்று கேட்டார்கள். "இடுப்பு போச்சு, தூக்குங்கடா" என்றேன்.

சேதி கேட்டுத் திருப்பூரிலிருந்து வந்த மூத்தவன், "இன்னொரு தடவ விழுந்தீன்னா, வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரணும் ஆத்தா" என்றான். அவன் வீடு மாடியில் இருக்கிறது. அங்கே நான் யாரோ ஒருத்தி.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில், விழாமல் நிற்க எனக்குப் பயிற்சி கொடுத்த பெண்ணை மறக்கமாட்டேன். என் காலிலும் இடுப்பிலும் தீப்பெட்டி போன்ற கருவிகளைப் பட்டையால் கட்டி, கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்துவாள். நான் சாய்ந்தால் திரையில் ஒரு புள்ளி சாயும். அதை வட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். பிறகு திரையில் கட்டைகள் வரும்; நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தாண்ட வேண்டும். தரையில் ஒன்றுமே இருக்காது, இருந்தும் கால் பட்டால் திரை சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்தாலே எனக்குத் திருப்பூர் பஸ் ஞாபகம் வரும்.

சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள், "நான் பிடிச்சுக்கிறேன், கண்ண மூடுங்க அப்பத்தா" என்றாள். மூடினேன். தரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அவள் மேல் சரிந்தேன். "ஒங்க காலு சொல்லாதத இப்ப கண்ணுதான் சொல்லுது. கும்புடும்போது மூடாதீங்க."

"சாமி முன்னாடி முறைச்சிக்கிட்டா நிப்பாக?"

"சாமியப் பாக்கத்தான போறீங்க அப்பத்தா?"



தை வெள்ளிக்கு மூத்தவனும் கோவிலுக்கு வந்தான். கும்பிட வந்த மாதிரித் தெரியவில்லை. என் முதுகுக்குப் பின்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான். மணி அடித்தது. காலை அகட்டி வைத்துக் கையைத் தூக்கினேன். அத்தனை வருஷப் பழக்கம், இமை தானாக இறங்கியது. உடம்பு முன்னால் போயிற்று. பின்னால் அவன் மூச்சு நின்றது கேட்டது. வெடுக்கென்று கண்ணைத் திறந்து அம்மன் மூக்குத்தியைப் பிடித்துக்கொண்டேன், கண்ணாலேதான். திரையின் புள்ளியை இழுப்பதுபோல உடம்பை நடுவுக்கு இழுத்தேன். சூடம் அணையும்வரை நின்றேன்.

"என்ன ஆத்தா, இந்தத் தடவ சாமி வரலையா?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"வரல. நான்தான் வந்திருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் மூத்தவன் வாசலில் நின்று, "அடுத்து எப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும்? மெதுவாப் பஸ் ஏறு" என்றான். பூட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

எழுதிட்டியா தங்கம்? எங்கே, முதல்ல இருந்து படி. உங்கப்பன் உள்ளேதான் படுத்திருக்கான், கொஞ்சம் சத்தமாவே படி.